ஓடும் யந்திரமும் அதன் பிரதியும்

எழுத்து என்பதொன்று தோன்றிய காலந்தொட்டே, எழுதியதைப் படியெடுத்து வைக்கும் வழக்கமும் மக்களிடையே உடன்தோன்றியது எனலாம். நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பனையோலை சில நூற்றாண்டுகளுக்குமேல் நில்லாது; கறையானும் இராமபாணப் பூச்சியும் அதற்கு முன்னரே அதனை அரித்துவிடுதலும் உண்டு. ஆகவே, பழைய ஏடு முற்றும் சிதையுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதி வைத்த பெயரறியாப் பெரியோர் பலருடைய உழைப்பினாலன்றோ சங்கத் தொகைநூல்கள் முதலாயின நம் கைக்கு எட்டின! நூல் இயற்றினோரைப் புகழும் நாம், அதனைப் படியெடுத்தோரை நினைப்பது அரிது. அவர்தம் தொழில் இக்காலத்தும் ஒழிந்துவிடவில்லை. வடிவு மாறி, நம் கலாசாலையின் கம்ப்யூட்டர் அறையில் இரவுதோறும் நடைபெற்று வருகின்றது. அத்தொழிலைக் குறித்து எமக்குத் தோன்றும் சிலவற்றை நம் மாணாக்கரும், உபாத்தியாயரும், பழைய மாணவரும் அறியச் சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் வசிக்கும் திருவரங்குளம், புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில் உள்ளது. பொற்பனையைப் பற்றிய கதை ஒன்று இவ்வூரில் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. அண்மையிலுள்ள பொற்பனைக்கோட்டையும் அப்பனையின் பெயரையே தாங்கி நிற்கின்றது. இங்குள்ள அரங்குளநாதர் கோயிற் சுவர்களில் பண்டைய அரசர் காலத்துச் சாசனங்கள் பல வெட்டப்பட்டுள்ளன. கல்லே நிலைத்த பொருள் என்று எண்ணி அக்காலத்தார் அதில் எழுதினர். ஆயினும் கல்லும் தேயும். திருப்பணி செய்வோர் கையில் இடம் மாறும். சுண்ணாம்புப் பூச்சில் மறையும். 1929-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தார், தம் எல்லைக்குட்பட்ட ஊர்களின் சாசனங்களைப் படியெடுத்து, அவற்றின் பாடங்களைத் தொகுத்து அச்சிட்டு வெளியிட்டனர். சமஸ்தானம் 1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து மறைந்தது; அப்புத்தகமோ இன்றும் நூலகங்களில் உள்ளது. இனி ஒரு சுவர் சிதையினும், அதில் எழுதியிருந்தது முற்றும் அழிந்துபோகாது.

இதனினும் பழையதோர் உதாரணம் திருமழபாடியில் உளது. அரியலூர் மாவட்டத்துள்ள அவ்வூர்க் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு முதலாம் இராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவர்களை இடிக்குமுன் அவற்றின்மேல் இருந்த சாசனங்களையெல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதிக்கொள்ளும்படியும் செய்தான். பின்னர் அவன் மகன் முதலாம் இராஜேந்திரனது 14-ஆம் ஆட்சியாண்டில், அப்புத்தகத்தைப் பார்த்து அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இவ்விரண்டு ஆணைகளுக்கும் இடையே ஏறக்குறையப் பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தார் படியெடுத்ததோடு நின்றாரல்லர். படியிலிருந்து மூலத்தை மறுபடி உண்டாக்கியும் காட்டினர். இப்பின்னைய செயலை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டுகிறோம்; இக்கட்டுரையின் கருத்து அதனையே சுற்றி நிற்கின்றது.

ஆயினும் திருமழபாடியில் படியெடுத்தோர்க்கு இருந்த வசதியொன்று நமக்கு இல்லை. அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது கற்சுவர் அசையவில்லை. நாம் படியெடுக்கவேண்டிய மூலமோ, கணந்தோறும் மாறிக்கொண்டேயிருப்பது.

முன்னாளில் நூலகப் பட்டியலுக்கு ஒரு கம்ப்யூட்டர், கட்டணக் கணக்குக்கு ஒன்று, மதிப்பெண் பதிவுக்கு ஒன்று எனக் கல்லூரிகள் தனித்தனியே வைத்திருந்தன. இப்பொழுது சர்வர் எனப்படும் பெரிய யந்திரம் ஒன்றனுள், ஒரே வீட்டில் பல குடித்தனங்கள் இருப்பது போல, பல யந்திரங்கள் குடியிருக்கின்றன. உள்ளிருக்கும் ஒவ்வொன்றும் தன்னைத் தனி யந்திரமென்றே கொண்டு நடக்கும். ஆனால் அது தன்னுடைய ஹார்ட் டிஸ்க் என்று கருதுவது, உண்மையில் சர்வரின் டிஸ்கில் உள்ள ஒரு பெரிய கோப்பேயாகும். இவற்றை மெய்நிகர் யந்திரங்கள் என்பர். அலுவலகப் பேச்சில் வி.எம். என்பதே வழக்கு. இது நேற்றுத் தோன்றிய உபாயமன்று. 1960-களிலேயே ஐ.பி.எம். கம்பெனியார் இம்முறையை ஆராய்ந்து, 1972-இல் வி.எம்./370 என்ற பெயரால் வெளியிட்டனர். 1999-இல் வி.எம்.வேர் கம்பெனியார் இதனை மேசைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்தனர். 2007-இல் கே.வி.எம். என்பது லினக்ஸோடு சேர்க்கப்பட்ட பின்னர், பொருள் வசதி குறைந்த நிறுவனங்களும் உரிமத் தொகையின்றி இதனைக் கைக்கொள்ள இயன்றது.

யந்திரம் முழுவதுமே ஒரு கோப்பாகிவிட்டதனால் நேர்ந்த நன்மை பெரிது. அக்கோப்பைப் பிரதி செய்தால், யந்திரத்தையே பிரதி செய்ததாகும். பழைய சர்வர் பழுதானாலும், வேறொன்றில் அப்பிரதியை வைத்து ஓட்டலாம். ஆனால் அக்கோப்பு சிறியதன்று. பிரதி செய்து முடிக்க ஒரு மணியோ இரண்டு மணியோ ஆகும். அதற்குள் உள்ளிருக்கும் யந்திரம் ஆயிரம் முறை தன் டிஸ்கில் எழுதியும் அழித்தும் விடுகின்றது. இங்கேதான் இடர் தொடங்குகின்றது.

நம் கலாசாலையின் பழைய ஆண்டு மலர்களில், நூற்றுக்கணக்கான மாணாக்கர் வரிசையாக நிற்கும் நீண்ட குழுப்படங்களை அன்பர்கள் பார்த்திருக்கலாம். அத்தகைய படங்களைப் பிடிக்கும் காமிரா, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெல்லச் சுழன்று செல்லும். இடக்கோடியில் நின்ற குறும்பன் ஒருவன், காமிரா தன்னைக் கடந்தவுடன் பின்புறமாக ஓடி வலக்கோடியிற் போய் நின்றால், படத்தில் அவன் இரண்டு இடங்களிலும் காணப்படுவான். படத்தின் ஒவ்வொரு பகுதியும் உண்மை, முழுப்படமோ பொய். ஓடும் யந்திரத்தின் கோப்பைத் தலையிலிருந்து கடைவரை நிதானமாகப் பிரதி செய்வதும் இத்தகையதே.

கட்டணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இரவு 1 மணிக்குப் பிரதி தொடங்குகின்றது என்க. ரசீதுப் பதிவேடு கோப்பின் முற்பகுதியிலும், மாணாக்கர் பேரேடு பிற்பகுதியிலும் உள்ளன. 1.20-க்குள் முற்பகுதி பிரதியாகிவிட்டது. 1.30-க்கு ஒரு மாணாக்கர் வீட்டிலிருந்தபடியே 5,000 ரூபாய் செலுத்துகிறார். ரசீது முற்பகுதியிலும், வரவு பிற்பகுதியிலும் பதிவாகின்றன. 2 மணிக்குப் பிற்பகுதி பிரதியாகின்றது. இப்பொழுது பிரதியில் வரவு உண்டு, ரசீது இல்லை. இவ்வாறு ஒன்றிரண்டு பதிவுகள் முரண்படுவதோடு நின்றாலும் திருத்திக்கொள்ளலாம். தரவுத்தளத்தின் அகராதி போன்ற பகுதியொன்று இவ்வாறு முன்னொரு நேரத்ததும் பின்னொரு நேரத்ததுமாகக் கலந்துவிட்டால், அதனைத் திறக்கவே இயலாது போகும்.

இதனை யாம் ஏட்டில் மட்டும் கற்றோமல்லோம். சில ஆண்டுகளுக்கு முன், எமக்குத் தொடர்புள்ள கல்வி நிறுவனம் ஒன்றில் நான்கு மெய்நிகர் யந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவை ஓடும்போதே அவற்றின் கோப்புகளை நேரே பிரதி செய்யும் கட்டளையொன்று இரவுதோறும் நடந்து, காலையில் 'வெற்றி' என்று ஒரு செய்தி அனுப்பிவந்தது. அச்செய்தியைக் கண்டு மனநிறைவு கொண்டோருள் யாமும் ஒருவேம். ஆதலின் அப்பிழையில் எமக்கும் பங்குண்டு. ஒருநாள் டிஸ்க் பழுதாயிற்று. பிரதிகளை எடுத்து ஓட்டினோம். மூன்று யந்திரங்கள் எழுந்தன. மதிப்பெண்கள் இருந்த நான்காவது யந்திரமும் எழுந்தது. அதனுள் இருந்த தரவுத்தளம் எழவில்லை. முந்திய நாட்பிரதி, அதற்கு முந்திய நாட்பிரதி என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். எல்லாம் ஒரே விதமாகவே கெட்டிருந்தன. உபாத்தியாயர் சிலர் தம் கைப்புத்தகத்தில் எழுதி வைத்திருந்த மதிப்பெண்களைக் கொண்டு, பல நாள் இரவும் பகலும் உட்கார்ந்து மறுபடி பதிந்தோம். கைப்புத்தகம் வையாதோர் பாடங்களில் மாணாக்கர் விடைத்தாள்களைத் தேடவேண்டியதாயிற்று. அதற்கிடையில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்த ஒரு மாணவி, மதிப்பெண் சான்று வேண்டி அலுவலக வாயிலில் வந்து நின்றாள். உரிய நாள் கழிந்த பின்னரே அதனை அவள் கையிற் கொடுக்க முடிந்தது. அவள் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. அந்த மௌனமே இன்று இதனை எழுதத் தூண்டுகின்றது.

ஆயின், ஓடும் யந்திரத்தைப் பிழையின்றிப் பிரதி செய்தல் இயலாதோ எனின், இயலும். அதற்குரிய வழிகள் நன்கு ஆராயப்பட்டுப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டும் வருகின்றன. அவற்றின் உட்கருத்து எளியது: பிரதி செய்ய எத்துணை நேரமானாலும் ஆகுக, பிரதியில் இருப்பது ஒரே கணத்தின் நிலையாக இருத்தல் வேண்டும்.

இதற்கு இரண்டு முறைகள் உண்டு. அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா பதிவேட்டைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறார். மற்றொருவர் அதே பதிவேட்டில் திருத்தம் செய்யவேண்டியவராயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறையில், திருத்துவோர் 40-ஆம் பக்கத்தைத் தொடுமுன், 'இப்பக்கம் படியெடுத்தாயிற்றா?' என்று கேட்பார். ஆகவில்லையெனில், அப்பக்கம் முன்னிருந்தவாறே முதலிற் படியெடுக்கப்படும். அதன் பின்னரே திருத்தம் நிகழும். கே.வி.எம். யந்திரங்களை ஓட்டும் கியூ.இ.எம்.யு. என்னும் மென்பொருளும், அதன்மேல் அமைந்த பிராக்ஸ்மாக்ஸ் போன்றனவும் இவ்வாறு செய்யவல்லன. இரண்டாம் முறையில், படியெடுத்து முடியும்வரை மூலப் பதிவேட்டை யாரும் தொடார். புதிய திருத்தங்களெல்லாம் தனித் துண்டுச் சீட்டுகளில் எழுதப்பட்டு, வேலை முடிந்த பின் பதிவேட்டிற் சேர்க்கப்படும். வி.எம்.வேர் முதலியவற்றில் ஸ்னாப்ஷாட் எனப்படுவது பெரும்பாலும் இவ்வகையினது.

இவ்விரண்டாம் முறையில் ஓர் எச்சரிக்கை வேண்டும். துண்டுச் சீட்டுகளைச் சேர்க்க மறந்து மாதக்கணக்கில் விட்டுவிட்டால், அவை மலைபோற் குவிந்து டிஸ்கை நிரப்பி, யந்திரத்தையே நிறுத்திவிடும். அன்றியும், ஸ்னாப்ஷாட் மூலத்தையே பற்றி நிற்பது. மூலப் பதிவேடு எரிந்தால் சீட்டுகளால் யாது பயன்? ஆதலின், ஸ்னாப்ஷாட் எடுத்ததனாலேயே பேக்கப் எடுத்ததாகக் கருதுவது பெரும் மயக்கமாகும். இரண்டு டிஸ்குகளில் ஒரே சமயத்தில் எழுதி வைக்கும் ஏற்பாட்டையும் சிலர் பேக்கப் என மயங்குவர். ஒரு டிஸ்க் பழுதானால் அது காக்கும். ஆனால் ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், இரண்டிலும் ஒருங்கே அழிந்துவிடும்.

இனி மற்றொன்று. பதிவேட்டில் எழுதியது மட்டுமன்றி, குமாஸ்தாவின் மனத்தில் இருந்து இன்னும் எழுதப்படாததும் உண்டு. யந்திரமும் அவ்வாறே தான் எழுதவேண்டியவற்றிற் சிலவற்றைத் தன் நினைவகத்தில் சிறிது நேரம் வைத்துக்கொள்கிறது. ஆகவே, குழுப்படம் பிடிப்பவர் 'அசையாதீர்கள்' என்று சொல்வது போல, பிரதி தொடங்கும் கணத்தில், 'கையிலுள்ளதை எழுதி முடித்துச் சற்று நில்' என்று உள்ளிருக்கும் யந்திரத்துக்குச் சொல்லவேண்டும். சில விநாடிகள் நின்றாற் போதும். பின் அது வழக்கம்போல் ஓடலாம். விண்டோஸில் வி.எஸ்.எஸ். என்னும் ஏற்பாடு இதனைச் செய்கின்றது. 2003-ஆம் ஆண்டின் விண்டோஸ் சர்வர் முதல் அது இருந்து வருகின்றது. லினக்ஸ் யந்திரங்களில் இதற்கென ஏஜெண்ட் என்னும் சிறு மென்பொருளை உள்ளே நிறுவவேண்டும். நிறுவாமல் விட்டால் யாது நிகழும்? பெரும்பாலும் பிரதி வேலை நிற்பதில்லை. அது நடந்து முடிந்து, வழக்கம்போல் 'வெற்றி' என்றே அறிவிக்கும். கிடைத்த பிரதியோ, மின்சாரம் திடீரென நின்ற யந்திரத்தின் நிலையில் இருக்கும். போஸ்ட்கிரஸ் போன்ற நல்ல தரவுத்தளங்கள் அந்நிலையினின்றும் தம் குறிப்பேட்டைக் கொண்டு தாமே மீண்டெழும் ஆற்றலுடையன. ஆயினும் ஒரே தரவுத்தளம் இரண்டு டிஸ்குகளில் பரந்திருந்து, அவ்விரண்டும் வெவ்வேறு கணங்களிற் பிடிக்கப்பட்டால், அவ்வாற்றலும் உதவாது.

பிரதி செவ்வனே எடுத்தாயிற்று; அதனை வைப்பது எங்கே? 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறி, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் ஊடே சென்றதை எம் பகுதியார் மறக்கமாட்டார். தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கிராமங்கள் பல நாள் இருளில் இருந்தன. அத்தகைய நாளில் சர்வரும் அதன் பிரதியும் ஒரே அறையில், ஒரே ஓட்டின்கீழ் இருந்தால், இரண்டுக்கும் கதி ஒன்றேயாகும். பெரிய நாட்டினரும் இதிற் பிழைத்துள்ளனர். 2021 மார்ச் 10-ஆம் நாள் பிரான்சு நாட்டு ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். கம்பெனியாரின் தரவு மையமொன்று தீக்கிரையானபோது, மூலத்தையும் பிரதியையும் அவ்விடத்திலேயே வைத்திருந்த வாடிக்கைக்காரர் இரண்டையும் இழந்தனர். 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலத் தீப்பற்றியபோது, அரசு ஊழியர் தம் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் அளவான சேமிப்பு அழிந்தது. 'மிகப் பெரிது' என்ற காரணத்தால் அதற்கு வேறிடத்தில் பிரதி வைத்தாரில்லை. பெரியதற்கன்றோ பிரதி முதலில் வேண்டும்!

திருடர் பயமும் ஒன்று உண்டு. 2022 நவம்பர் 23-ஆம் நாள் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களைத் தீயோர் சிலர் கைப்பற்றி, ஏறக்குறைய 1.3 டெராபைட் தரவை யாரும் படிக்கவியலாதவாறு பூட்டிவிட்டனர். பல நாள் நோயாளர் பதிவும் சோதனை முடிவுகளும் காகிதத்திலேயே எழுதப்பட்டன. அவர்கள் கைக்கு எட்டாமல் இருந்த பேக்கப் சர்வர் ஒன்றிலிருந்தே மருத்துவமனைத் தரவு மீட்கப்பட்டதென அரசாங்கத்தார் பாராளுமன்றத்தில் தெரிவித்தனர். சர்வரோடு எப்பொழுதும் இணைந்தே இருக்கும் பிரதியைச் சர்வரைப் பிடித்தவன் பிடித்துவிடுவான். இணைப்பு நீங்கிய பிரதியொன்று எங்கேனும் இருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில் என்று இத்துறையினர் வழங்கும் விதியும் இக்கருத்தினதே.

இவற்றையெல்லாம் செய்தும், தலையாயதொன்றைச் செய்யாவிடில் அனைத்தும் வீணாதல் கூடும். அதற்குச் சான்று, உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31-ஆம் நாள் நிகழ்ந்தது. நள்ளிரவு வரை உழைத்துக் களைத்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் அழிக்கவேண்டியதை முதற் சர்வரில் அழிக்கத் தொடங்கிவிட்டார். உடனே உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே எஞ்சியது. கவலை வேண்டா, பேக்கப் உண்டே என்று பார்த்தனர். ஐந்து வகையான ஏற்பாடுகள் இருந்தும், உரிய நேரத்தில் அவை கைகொடுக்கவில்லை. அவற்றுள் ஒன்று, மென்பொருட் பதிப்பு பொருந்தாமையால் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டே வந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சலும் உரியவரைச் சேராமல் தடைபட்டது. ஒரு பொறியாளர் வேறொரு காரியத்துக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட் ஒன்றே அவர்களைக் காத்தது. அந்த ஆறு மணி நேரத்துப் பதிவுகள் போயின. அந்நிறுவனத்தார் தம் பிழையை மறையாமல் முழுதும் எழுதி வெளியிட்டது பாராட்டத்தக்கது. இத்துறையில் உள்ளோர்க்கு அது இன்றும் ஒரு பாடமாக விளங்குகின்றது.

ஆகவே எமது துணிபு இது. ஓடும் யந்திரத்தைப் பிரதி செய்தல் இயலும், செய்யவும் வேண்டும். ஆனால் எடுத்த பிரதியிலிருந்து யந்திரத்தை மறுபடி எழுப்பிப் பார்த்தாலன்றி, அதனைப் பிரதி என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. திருமழபாடிப் புத்தகம் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்ட நாளில்தான் தன் கடமையைச் செய்தது.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். 'இத்தனை சிக்கல் எதற்கு? இரவில் யந்திரத்தை நிறுத்திப் பிரதி செய்துவிட்டுக் காலையில் ஓட்டினால் போதாதா?' என்பர் ஒரு சாரார். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. நிறுத்தி எடுத்த பிரதியைப் போல் தூயது வேறில்லை. பருவ விடுமுறையில் ஒருமுறை அவ்வாறு எடுத்து வைப்பது நன்று என்றே யாமும் சொல்வோம். ஆயின் நாள்தோறும் அது கூடாது. பகலில் வேலைக்குச் சென்று இரவில் கட்டணம் செலுத்தும் பெற்றோரும், தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இரவெல்லாம் விழித்திருக்கும் மாணாக்கரும் நம்மிடம் உளர். நாள்தோறும் நிறுத்தி ஓட்டும் பொறுப்பு ஒரு மனிதரைச் சார்ந்தது. அவர் விடுப்பெடுத்த நாளில் பிரதியும் விடுப்பெடுக்கும்.

'எல்லாவற்றையும் கிளவுடில் வைத்துவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்பர் மற்றொரு சாரார். கிளவுட் என்பது வானத்திலுள்ள மேகமன்று. வேறொருவருடைய கட்டடத்திலுள்ள யந்திரமே. அக்கட்டடமும் தீப்பற்றக்கூடியதே என்பதை ஸ்திராஸ்பூர்க் காட்டிற்று. வேறிடத்தில் ஒரு பிரதி வைப்பதற்கு அது தக்க இடம். பொறுப்பையும் அங்கே அனுப்பிவிட்டதாக நினைப்பதே தவறு.

'பொருளில்லை, ஆளில்லை' என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே நம்மிடையே மிகுதியும் கேட்கப்படுவது. ஆனால் வேண்டிய மென்பொருள்களுள் நல்லன பல விலையின்றியே கிடைக்கின்றன. வேண்டுவது ஒரு பழைய யந்திரமும், இரண்டு மூன்று டிஸ்குகளும், முறையாகச் செய்யும் வழக்கமுமே. ஆளில்லை என்பதற்கோ, நம் மாணாக்கரையே விடையாகக் காட்டலாம்.

நம் கலாசாலை நிருவாகிகளின் பார்வைக்குச் சில யோசனைகளைப் பணிவுடன் சமர்ப்பிக்கின்றோம். முதலாவது, ஒவ்வொரு மெய்நிகர் யந்திரத்தினுள்ளும் ஏஜெண்ட் நிறுவப்பட்டு, பிரதி தொடங்கும்போது யந்திரம் சற்று நிற்கின்றதா என்பதைப் பரிசோதித்தல் வேண்டும். இரண்டாவது, யந்திரம் முழுவதன் பிரதியோடு, தரவுத்தளத்தின் பதிவுகளை மட்டும் தனியே ஒரு கோப்பாக எழுதி வைக்கும் வழக்கமும் வேண்டும். ஒன்று தவறினால் மற்றொன்று உதவும். மூன்றாவது, பிரதியொன்று வாரந்தோறும் சர்வரிலிருந்து கழற்றப்பட்டு, வேறொரு கட்டடத்தில், கூடுமாயின் வேறோர் ஊரில், வைக்கப்படல் வேண்டும். அதில் மாணாக்கர்தம் சொந்த விவரங்கள் இருத்தலின், அது பூட்டப்பட்டிருத்தலும் அவசியம். அப்பூட்டின் கடவுச்சொல்லை அதே சர்வரில் மட்டும் வைத்திருப்பது, சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதை ஒக்கும். நான்காவது, இவ்வேலைக்குப் பொறுப்பாளர் இருவர் பெயரைக் காகிதத்தில் எழுதி வைத்தல் வேண்டும். எல்லாரும் பொறுப்பு எனின், ஒருவரும் பொறுப்பல்லர்.

ஐந்தாவதாக யாம் வேண்டுவது, பருவந்தோறும் ஒரு 'மீட்பு நாள்' நடத்துதல். அன்று கம்ப்யூட்டர் துறை மாணாக்கர் சிலர், உபாத்தியாயர் முன்னிலையில், வெளியுலகோடு தொடர்பில்லாத ஒரு யந்திரத்தில் முந்திய இரவின் பிரதியை எழுப்புவார்களாக. நூலகர் ஒருவர் வந்து, நேற்றுக் கொடுத்த புத்தகம் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பாராக. அலுவலகத்தார் ஒருவர், நேற்றைய கடைசி ரசீது உள்ளதா என்று பார்ப்பாராக. எழுப்ப எத்தனை நிமிஷம் ஆயிற்று என்பதையும், யாது தவறிற்று என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி இருவரும் கையொப்பமிடுவார்களாக. முதல் ஆண்டில் பல குறைகள் வெளிப்படும், வெளிப்படுதலே பயன். புத்தகத்தில் படித்துத் தேர்வெழுதுவதனினும் மிகுதியாக மாணாக்கர் இதிற் கற்றுக்கொள்வர் என்பது எம் நம்பிக்கை. தொழில் நிறுவனங்களில் பணிபுரியும் நம் பழைய மாணவர், ஆண்டுக்கொருமுறை வந்து இதற்குத் துணைநின்றால், அது தம் தாய்க் கலாசாலைக்கு அவர்கள் செய்யும் நற்றொண்டாகும்.

1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்திற் பிரதி இருந்த நூல்களை மறுபடி வாங்க முடிந்தது; ஒரே பிரதியாயிருந்த சுவடிகளை எவராலும் மீட்க முடியவில்லை. நம் சர்வரில் உள்ளவை அத்தகைய அருஞ்சுவடிகள் அல்ல என்று சிலர் எண்ணலாம். ஒரு மாணவியின் மூன்றாண்டு உழைப்புக்குச் சாட்சி கூறும் மதிப்பெண் பட்டியல், அவளுக்கு எச்சுவடியினும் குறைந்ததோ? வயலை அடகு வைத்துக் கட்டிய கட்டணத்தின் ரசீது, அவள் தந்தைக்கு எந்தச் சாசனத்தினும் தாழ்ந்ததோ? அவை நம்மிடம் அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்டவை.

காலையில் வரும் 'வெற்றி' என்னும் செய்தியை மட்டும் நம்பி இருந்தோர், ஒருநாள் அலுவலக வாயிலில் நின்ற மாணவிக்கு விடை சொல்லவியலாமல் தலைகுனிந்தனர். அந்நிலை நம் கலாசாலைக்கு வாராதிருக்க வேண்டுமாயின், அடுத்த பருவம் தொடங்குமுன் ஒரு நாளைக் குறித்து, ஒரு பிரதியை எடுத்து, எழுப்பிப் பார்ப்போமாக. அதற்கு ஒரு பிற்பகற் பொழுதே போதும்.